வீட்டு வரி மனுவின் ஏழாவது கேள்வி

அன்புள்ள மகனுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இதைப் படித்ததும் நீ சிரிப்பாய் என்று தெரியும். நம் வீட்டில் என் வாய் மூடி யார் பார்த்தார்கள்? ஒரு கால் இல்லாத வாத்தியார் டிரில் வகுப்பின்போது மைதானத்தில் நிற்க வேண்டாம் என்று என்னிடம் சொன்ன ஹெட்மாஸ்டர், பொன்மலையில் இருக்கும் உன் மாமா, வரி ஆபீஸ் குமாஸ்தா தங்கவேலு என்று மூன்று பேரை வைத்துக்கொண்டே இருபது வருஷம் பேசியிருக்கிறேன். உன் அம்மா சோறு போடும்போதே, "இன்னிக்கு மூணு பேர்ல யாருங்க?" என்று கேட்பாள். அத்தனை பேச்சும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தப்பிப்பதற்காகப் பேசியது என்பது இன்று காலையில்தான் எனக்கே உறைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும். பெங்களூர் ஆஸ்பத்திரியில் உனக்கு நேரத்துக்குப் பஞ்சம் இருக்காது.

மூன்று வாரத்துக்கு முன் உனக்கு அனுப்பிய வீட்டு வரி மனு நேற்றுத் தபாலில் திரும்பி வந்தது. பட்டாளத்துப் பணியில் ஊனமான சிப்பாய் சொந்த வீட்டில் குடியிருந்தால் அந்த வீட்டு வரியில் பாதி தள்ளுபடி என்று நம் ஊரில் ஒரு விதி உண்டு. உன் கல்யாணத்துக்கு என் சீராக வீட்டில் பாதியை உன் பேருக்கு எழுதிப் பதிவும் செய்துவிட்டேன். ஆகவே, பர்மாவில் இடது கையை விட்டுவிட்டு வந்திருக்கும் நீயும் இப்போது மனுப் போடலாம். பெயர், பட்டாளம், வீட்டு எண் என்று ஆறு கேள்விக்கும் அழகாக எழுதியிருக்கிறாய். ஏழாவதை மட்டும் விட்டுவிட்டாய். 'ஊனம் எப்படி ஏற்பட்டது? நிரந்தரமானதா?' என்பதற்குக் கீழே பதிலுக்குப் பதிலாக ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "அப்பா, நீங்கள் பதினெட்டு வருஷமாக எழுதாத பதிலை நான் ஏன் எழுத வேண்டும்?" அந்த வரியைப் படித்தபோது முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் மகன் என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "இவனும் கெட்டானா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பதினெட்டு வருஷத்துக்கு முந்திய கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். ஒன்று விடாமல் நான்தான் சொன்னேன். விதி வந்த புதிதில் நானே மனுவைத் தூக்கிக்கொண்டு வரி ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் தங்கவேலு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், காதில் பென்சில். "காலைப் பாக்கணுங்க. விதியில அப்படித்தான் இருக்கு" என்றார். சுற்றிலும் ஊர்க்காரர்கள். அதில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு நான் வாத்தியார். "நல்லாப் பாத்துக்குங்க" என்று கட்டைக்காலைக் கழற்றி அவர் முன்னால் விரித்திருந்த பேரேட்டின் மேலேயே வைத்தேன். அவர் பதறவில்லை. "ஐயா, காலை எடுங்க, பேரேட்டுல மை காயல" என்றார். ஆபீஸே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பேனாவைப் பிடுங்கி, ஏழாவது கேள்விக்கு எதிரே, 'கால் முளைத்ததும் தெரிவிக்கிறேன்' என்று அழகாக எழுதி, காலை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பதில் ஸ்ரீரங்கம் முழுக்கப் பரவிவிட்டது. அடையவளஞ்சான் வீதியில் என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். ஒரு வாரம் நான்தான் ஊரில் பெரிய மனுஷன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் மாசி மாதத்தில் ஆபீஸ் பியூன் வீட்டுக்கு ஒரு மனுத்தாளைக் கொண்டுவந்து கொடுப்பான். ஏழாவது கேள்வியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். என்னைச் சீண்டுவதற்காகத் தங்கவேலு செய்கிற வேலை என்று நம்பினேன். பதில் போடவில்லை. அந்த ஆபீஸ் வாசலையே மிதிக்கவில்லை. முழு வரியையும் முதல் நாளே உன் அம்மாவிடம் கொடுத்துக் கட்டிவிட்டு வரச்சொல்வேன். திரும்பி வந்து அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். "அந்த ஆள் பேச்சை இந்த வீட்டில் எடுக்காதே" என்பேன். நீ காலேஜில் சேர்ந்தபோது ஒரு சைக்கிள் கேட்டாய். பழைய சைக்கிளாவது வாங்கிக் கொடுங்கள் என்றாய். காவேரிப் பாலத்தில் நடந்து போனால் உடம்புக்கு நல்லது என்று உனக்கு உபதேசம் செய்தேன். நீயும் நாலு வருஷம் வெயிலிலும் ஆடிக்காற்றிலும் அந்தப் பாலத்தில் நடந்தாய். உன் அம்மா மட்டும் ஒரு நாள், "பிள்ளையோட சைக்கிளைக் கொண்டுபோயி வரி ஆபீஸ்ல நிறுத்திட்டு வந்திருக்கீங்க" என்றாள். கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனேன். அவள் சொன்னது சரி. இதை நான் அவளிடமே இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. உன்னிடம் முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நான் பதில் சொன்னது இரண்டாவதற்கு. முதலாவதை நான் தொடவே இல்லை என்பதை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் கவனிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி ஒரு பதிலை எழுதினேன். என் கால் எப்படிப் போயிற்று என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன்: மெசப்பொத்தேமியாவில் பீரங்கிக் குண்டு. நீ சின்ன வயதில் அந்தக் குண்டு எவ்வளவு பெரியது என்று கேட்பாய். நான் பூசணிக்காயைக் காட்டுவேன். அது பொய். நான் அங்கே சண்டை போட்டதே இல்லை. இண்டர்மீடியட் படித்தவன் என்று என்னைச் சாமான் கிடங்கில் கணக்கு எழுதப் போட்டிருந்தார்கள். பாஸ்ரா துறையில் கப்பலிலிருந்து கிரேன் மூலம் சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து ஒரு மரப்பெட்டி என் காலில் விழுந்தது. பெட்டி நிறைய ஆபீசர்கள் ரொட்டிக்குத் தடவிக்கொள்ளும் ஜாம் டின்கள். ஆரஞ்சுப் பழ ஜாம். அது விழுந்த இடத்திலேயே என் கால் நசுங்கிவிட்டது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீ கேட்கலாம். எனக்கு அப்போது இருபது வயது. என்னையும் சேர்த்துத் திருச்சி ஸ்டேஷனில் ரயிலேறிய ஏழு பேரில் இரண்டு பேர்தான் திரும்பி வந்தோம். ஸ்டேஷனுக்கு வந்த கூட்டத்தில், செத்துப்போன ஒருவனின் தகப்பனார் என் காலைப் பார்த்துவிட்டு, "குண்டாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அன்றைக்குச் சொன்ன அந்த ஆமாமுக்கு அப்புறம், வரி ஆபீஸ் கவுண்டரில், பத்துப் பேர் காது கேட்க, ஜாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அதனால் தங்கவேலுவை எதிரியாக்கிக்கொண்டேன். உன் பொன்மலை மாமா மேல் எனக்கு என்ன கோபம் என்று உனக்கு இதுவரை தெரியாது. ஒரு தீபாவளிக்கு அவர் ரயில்வே கேண்டீனிலிருந்து உனக்காக ஒரு பாட்டில் ஜாம் வாங்கி வந்தார். நான் அதைத் தெருவில் வீசினேன். நீ அழுதாய். அவர் அன்றைக்கு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போனவர், ஆறு வருஷம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. யாரிடமோ என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு வேண்டுமென்றே வாங்கி வந்தார் என்று நான் சந்தேகப்பட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நேற்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. இன்று காலை ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கு நானே போனேன். ஜட்காவில் போகவில்லை, நடந்தே போனேன். தங்கவேலு அதே இடத்தில் இருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது, காதில் அதே மாதிரி பென்சில். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பக்கத்து மேஜைக்காரரிடம், "நான் சொல்லலே? கால் வச்ச கவுண்டர்னு இதை எதுக்குச் சொல்றோம்னு கேட்டியே, அந்த ஐயா இவர்தான்" என்றார். எனக்கு மறுபடி ஏறப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, "கழட்டணுமா?" என்று கேட்டேன்.

"வேண்டவே வேண்டாங்க. அன்னிக்கு அந்தப் பக்கத்தை நான் மொத்தமாத் திரும்ப எழுதினேன்" என்றார்.

"வருஷா வருஷம் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினீங்களே, அது எதுக்கு? என்னைக் கேலி பண்ணவா?"

அவர் என்னையே பார்த்தார். "கேலியா? அம்மாகிட்ட ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டேனே, அவங்க சொல்லலீங்களா? உங்க பதிலுக்கு அன்னிக்கே 'நிராகரிக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கணுங்க. ஒரு தடவை அப்படி எழுதிட்டா முடிஞ்சுது, மறுபடி நீங்க மனுவே போட முடியாது. நான் 'பதில் வரவில்லை, மீண்டும் கேட்கப்பட்டது'ன்னு எழுதி வச்சேன். கேட்டதுக்கு அத்தாட்சி வேணும்ல? அதான் வருஷம் ஒரு தாள். இந்த மாசம் முப்பத்தொண்ணோட எனக்கு உத்தியோகம் முடியுது. அடுத்து வர்றவர் இதைத் தாங்கிப் பிடிப்பாரான்னுதான் எனக்குக் கவலை."

பதினெட்டு வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்த மனுஷன், பதினெட்டு வருஷமாக என் மனுவைச் சாக விடாமல் வைத்திருக்கிறார்.  அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "சொல்லுங்க, நானே எழுதறேன். எப்படி ஏற்பட்டது?" என்று கேட்டார். நான் சொன்னேன். மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் வாத்தியார் குரல் அல்லவா, ஆபீஸ் முழுக்கக் கேட்டுவிட்டது.  தங்கவேலு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எத்தனை டின்னுங்க?"

"பன்னிரண்டு டஜன்" என்றேன். கிடங்குக் கணக்கு எழுதினவன், அது மறக்குமா?

"அதுல ஒண்ணாச்சும் உங்களுக்குக் குடுத்தானுங்களா?"

"ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் காலையில ரொட்டிக்கு அதைத்தான் தடவிக் குடுத்தாங்க."

அவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பக்கத்து மேஜைக்காரர். அப்புறம் நான். மகனே, நான் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மூச்சு முட்டியது, வரி கட்ட நின்றிருந்த ஒரு அம்மாள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். 'பாஸ்ரா துறையில் பணியின்போது சரக்குப் பெட்டி விழுந்து' என்று தங்கவேலு எழுதினார். ஜாம் என்று போட வேண்டாமா என்று கேட்டேன். "அது விதிக்கு வேண்டாங்க. அது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். நிரந்தரமானதா என்பதற்கு 'ஆம்' என்று நானே என் கையால் எழுதினேன்.  அந்தக் கால் இனி வராது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் உன் விஷயம் எடுத்தேன். அவர் விதிப் புஸ்தகத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆளுக்குப் பாதின்னுதான் இருக்குங்க. ஒரே வீட்டுல ரெண்டு ஆள் இருப்பாங்கன்னு இதை எழுதினவர் நெனச்சுப் பார்க்கல. உங்க காலுக்கு ஒரு பாதி, தம்பி கைக்கு ஒரு பாதி. முழு வரியும் போயிரும். நம்ம ஊர்ல வரியே இல்லாம இருக்கிறது கோயிலும் சத்திரமுந்தான். மூணாவதா உங்க வீடு" என்றார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவளிடம் ஜாம் கதையையும் சேர்த்துச் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதைக் கேட்டவள் கோபப்படுவாள் என்று பயந்தேன். "அதுக்காகவா எங்கண்ணன் வாங்கிட்டு வந்ததைத் தெருவுல வீசினீங்க?" என்று கேட்டுவிட்டு, கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "கோயில், சத்திரம், நம்ம வீடு. இதுல பெருமை வேற" என்றாள். ஆனாலும் அடுத்த அரை மணிக்குள் எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். உன் கை எப்படிப் போனது என்று நீ எங்களுக்கு எழுதவில்லை. 'சண்டையில்' என்று ஒரு வார்த்தைதான் வந்தது. நானும் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன், அதனால் அந்த வார்த்தையின் எடை எனக்குத் தெரியும். குண்டாக இருக்கலாம். லாரிக் கதவாக இருக்கலாம். உன் கையில் நீயே வெடிக்க விட்டதாகக்கூட இருக்கலாம். எதுவாக இருந்தாலும் கை போனது போனதுதான், அதை எழுதுவதால் இன்னொரு கை குறையப் போவதில்லை. எழுதாமல் இருந்தால் என்ன குறையும் என்று எனக்குத் தெரியும். ஒரு சைக்கிள் குறையும். ஆறு வருஷம் ஒரு மச்சான் குறைவார். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்பு குறையும். நீ என்னைப் பார்த்து வீராப்பு என்று கற்றுக்கொண்டது வெறும் பயம். அதைச் சீராக உனக்கு நான் கொடுக்கவில்லை. வீட்டில் பாதிதான் கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் எடுத்துக்கொள்.

போன மாதம் நீ உன் மாமாவுக்கு எழுதிய கடிதமும் எனக்குத் தெரியும். ஒற்றைக் கையனுக்கு உங்கள் பெண் வேண்டாம், வேறு இடம் பாருங்கள் என்று எழுதினாயாமே. மாமா அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தார், கூடவே செல்லமும் வந்தாள். கல்யாணப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வரலாமா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்று, "மாமா, எங்கப்பா ஒர்க் ஷாப்புல பாதிப் பேருக்கு விரல் பத்து கிடையாது. அவங்கள்லாம் கல்யாணம் கட்டிக்காமலா இருக்காங்க? அத்தானுக்கு எழுதுங்க, கடிதாசி எழுத ஒரு கை போதும்ல, எனக்கே நேரா எழுதச் சொல்லுங்க" என்றாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த வீட்டில் பதில் சொல்லத் தெரிந்த ஆள் ஒருத்தி வரட்டும். வைகாசியில் முகூர்த்தம் பார்த்தாயிற்று. ரேஷன் சர்க்கரையில் எத்தனை பேருக்குப் பாயசம் போட முடியும் என்று உன் அம்மாவும் அத்தையும் இப்போதே சண்டை. இன்று வீட்டுக்கு வருவதற்கு முன், ஆபீசிலிருந்து நேரே பொன்மலைக்குப் போய் மாமாவிடம் ஜாம் கதையைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.  நான் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று, "மாப்ள வந்ததும் ஒரு பாட்டில் வாங்கிட்டு வரேன் மச்சான். வீசிடாதீங்க" என்றார்.  

நடைமுறை விஷயம் ஒன்று. உனக்கு மரக்கை கொடுப்பார்கள். முதல் ஒரு மாதம் தோல்வார் கடிக்கும். எண்ணெய் தடவாதே, புண்ணாகும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து உள்ளே வை. யாராவது உனக்குச் சட்டைப் பொத்தான் போட வந்தால் போட விடு. என் கட்டைக்காலை மாட்டிவிட உன் அம்மா வந்தபோது நான் விடவில்லை, அதனால் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் கால் மணி தாமதமாகப் போனேன், ஹெட்மாஸ்டரோடு சண்டை அதில்தான் ஆரம்பித்தது. அந்த ஆள் கொஞ்சம் மட்டம்தான், அதை மட்டும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மனுவை இதோடு வைத்திருக்கிறேன். ஏழாவது கேள்வியைச் சுற்றி இந்தத் தடவை வட்டம் இல்லை. தங்கவேலு புதுத் தாளாக எடுத்துக் கொடுத்தார். முப்பத்தொன்றாம் தேதிக்குள் வர வேண்டும். அவர் இருக்கும்போதே உன் மனுவை அவர் கையால் பதிய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

உன் வார்டில் லால்குடிக்காரர் ஒருவரும் உறையூர் நெசவாளி ஒருவரும் இருக்கிறார்கள், ஊரிலிருந்து அவர்களுக்குக் கடிதமே வருவதில்லை என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய். அவர்களுக்கும் ஏழாவது கேள்வி இருக்கும். இதை அவர்களிடமும் கொடு, உரக்கப் படித்தாலும் சரி. 'உன் அன்புள்ள தகப்பன்' என்று கீழே எழுதப் போனேன், என் பேரைப் போடப் பேனாவை வைத்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். பேர் போட்டால் இது உனக்கு மட்டும் வந்த கடிதம் ஆகிவிடும். போடாவிட்டால் அந்த வார்டில் யார் படித்தாலும் அவருக்கு வந்ததாக இருக்கும். ராத்திரித் தபாலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கையெழுத்துப் போடாமலே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.